பதினான்காம் வார்டின் மூக்கு

திரவியம் சார் வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. தோற்றவர்கள் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். வெள்ளாங்கரை நகராட்சியில் ஏணிப்படி பயிற்சி மையம் என்றால் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். குரூப் நாலு, காவலர் தேர்வு, வங்கி எழுத்தர் என்று அரசாங்கம் எதை அறிவித்தாலும் சரி, அறிவிப்பின் மை காயுமுன் அதற்கு ஒரு வகுப்பும் ஒரு கைடும் ஒரு மாதிரித் தேர்வும் தயாராக வைத்திருப்பார். முடிவு வந்ததும் தெருமுனையில் பேனர் முளைக்கும். அதில் ஜெயித்த பிள்ளைகளின் படம் தபால்தலை அளவில் இருக்கும், சாரின் படம் ஆளுயரத்துக்கு நிற்கும்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு ஒருநாள் குப்பைக் கட்டணச் சீட்டு வந்தது. மாதம் நாற்பது ரூபாயாக இருந்தது நானூற்று இருபது ஆகியிருந்தது. சார் அதைக் கண்ணாடியோடு ஒரு தடவையும் கண்ணாடியில்லாமல் ஒரு தடவையும் படித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

விஷயத்தின் வேர் ஒரு மாதத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த மூக்குப்பெட்டியில் இருந்தது. அரசாங்கத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு, ஊர் அதை மூக்குப்பெட்டி என்றே சொன்னது. பார்ப்பதற்குக் கண் டாக்டரின் பெட்டி மாதிரி இருக்கும். முகவாயைத் தாங்கியில் வைத்து உட்கார்ந்தால் மணிக்கட்டில் ஒரு பட்டை, நெற்றியில் ஒரு பட்டை கட்டுவார்கள். உள்ளே ஒரு தட்டு சுழன்று வந்து மூக்குக்கு நேராக நிற்கும். தட்டில் ஊசிப்போன சோறு, மீன் செதிள், குழந்தையின் டயப்பர். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம். வாய் பொய் சொல்லும், வயிறு சொல்லாது. குமட்டுவதையும் தோல் சிலிர்ப்பதையும் பெட்டியே பார்த்து, உங்களுடைய அருவருப்பு நூற்றுக்கு இத்தனை என்று புள்ளி போட்டுவிடும்.

வார்டுக்கு நாற்பது பேரைக் குடியிருப்போர் சங்கமே அனுப்பலாம் என்றார்கள். பதினான்காம் வார்டுச் சங்கச் செயலாளர் திரவியம் சார்தான். வார்டின் பெரிய மனிதர்களாகப் பொறுக்கி எடுத்து அழைத்துப் போனார். எதற்கு அளக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் வீடு சுத்தமான வீடு என்று பார்க்கிறார்கள் போல என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள். தட்டு சுழன்று வந்ததும் ஒருவர் வாந்தி எடுத்தார். அவருக்குத் தொண்ணூற்று நான்கு. அடுத்தவர் மயங்கி விழுந்து தொண்ணூற்றைந்து வாங்கினார். சார் வாங்கியது தொண்ணூற்றெட்டு. வெளியே வந்து, "எங்க வீட்டுக்குள்ள ஈயே செருப்பைக் கழத்திப் போட்டுட்டுத்தான் வரும்" என்று அவர் சொன்னதை வார்டே ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. வார்டின் சராசரி எண்பத்தெட்டு. அதற்கும் ஒரு பேனர் வைத்தார்கள்.

துப்புரவு ஆய்வாளர் ஜெயசிங் ஓய்வு பெறப் போகிற வயதில் இருந்தவர். சிரிப்பதை முன்கூட்டியே நிறுத்திவிட்டிருந்தார்.

"என்னய்யா ஜெயசிங், குப்பைக்குப் போட்ட பில்லா, தங்கத்துக்குப் போட்ட பில்லா?"

"உக்காருங்க சார். இது நீங்க போட்ட பில்லுதான்."

"நானா?"

"ஒரு வேலைன்னா ஊருக்கு எவ்வளவு அருவருப்போ, அந்த வேலையைச் செய்யுத ஆளுக்கு அவ்வளவு கூலி. அதுதான் புதுச் சட்டம். உங்க வார்டு எண்பத்தெட்டு. புள்ளிக்குப் பன்னெண்டு ரூவா. ஒரு நாளைக்கு ஆயிரத்து அம்பத்தாறு. அதை வீடுவீடாப் பிரிச்சிருக்கு."

"குப்பை அள்ளுத பேச்சித்தாய்க்கா ஆயிரத்து அம்பத்தாறு?" சார் சீட்டை மேசையில் போட்டார். "நம்ம சென்டர்ல எம்.எஸ்ஸி. முடிச்ச பையன் கணக்கு எடுக்கான். அவனுக்கே நான் அறுநூறுதான் குடுக்கேன்."

"கணக்கு எடுக்க உங்களுக்குக் குமட்டலையே சார்."

பரீட்சையில் தெரியாத கேள்வியைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போகச் சாருக்குத் தெரியும்.

"மறுபடி அளப்பாங்களா?"

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா."

"புள்ளி குறைஞ்சா?"

"கட்டணம் குறையும். கூலியும் குறையும். ஆனா ஒண்ணு சார். அடுத்த தடவை பணியாளர் மூக்கையும் அளப்போம். அவங்களை விட வார்டுக்கு அருவருப்பு குறைஞ்சு போச்சுன்னா வேலையை வார்டே செய்யணும். யாருக்கு நோவு குறைச்சலோ அவங்க சுமக்கட்டும்னு வச்சிருக்காங்க."

திரவியம் சார் நாற்காலி ஆடும்படி சிரித்தார். "பேச்சித்தாயை விடவா? இருவது வருஷமா அதுக்குள்ளயே கிடக்கா. அவ மூக்கு செத்துப் பல காலமாச்சு. பூஜ்யத்துக்குக் கீழ யாராவது மார்க் வாங்க முடியுமாய்யா?"

"இன்னும் அளக்கலையே சார்" என்றார் ஜெயசிங்.

சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனசு அதற்குள் பாடத்திட்டம் போட ஆரம்பித்துவிட்டது. அளக்கிறார்கள் என்றால் அது தேர்வு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் அட்டவணை உண்டு. என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். சோறு, செதிள், டயப்பர், மூன்றே கேள்வி. இவ்வளவு சுலபமான தேர்வை அவர் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வார்டு கல்யாண மண்டபத்தில் வகுப்பு ஆரம்பமானது. கட்டணம் கிடையாது, சாருக்கு அடுத்த நகராட்சித் தேர்தலில் ஒரு யோசனை இருந்தது. வகுப்புக்கு வேண்டிய பாடப்பொருளைக் கொண்டுவரப் பேச்சித்தாயைக் கூப்பிட்டு அனுப்பினார்.

பேச்சித்தாய்க்கு வயது ஐம்பதுக்குப் பக்கம். வார்டின் ஆறு பணியாளர்களில் மூத்தவள். விசில் ஊதிக்கொண்டு பேட்டரி வண்டியோடு வருவாள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று ஊர் பிரித்துத் தராததையெல்லாம் வண்டியோரம் நின்று அவளே பிரிப்பாள். புதுக் கூலி வந்ததும் அவள் நகை வாங்கவில்லை. உரக்கிடங்கை ஒட்டியிருந்த தகரக் குடிசையை விட்டுவிட்டு, பதினான்காம் வார்டிலேயே கடைசித் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். இத்தனை வருஷம் அந்த வீடு அவளுக்குக் கிடைத்திருக்காது. வீட்டுக்காரர் கேட்ட வாடகையைக் கேள்வி கேட்காமல் கொடுத்ததால் அவரும் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, அந்த வீட்டுல அப்படி என்ன இருக்குன்னு அவ்வளவு வாடகை குடுக்க?" என்று சார் கேட்டார்.

"வாசல்ல நுழைஞ்சதும் குளியலறை இருக்கு சார். கதவு போட்டது. வேலை முடிஞ்சு வந்து குளிச்சிட்டுத்தான் உள்ள போலாம். பெறவு பொழுதடைய ஒரு குளியல்."

"ரெண்டு குளியலா? உனக்கு எதுக்கும்மா ரெண்டு தடவை?"

பேச்சித்தாய் அவரைப் பார்த்தாள். "நீங்க எல்லாரும் நாத்தத்தைப் பழகிட்டா எங்க கூலி கொறைஞ்சிரும்லா சார்?" என்று மட்டும் கேட்டாள். "அந்த வாடகையை நான் எங்குன போயிக் கட்ட?"

"ஊருக்கு ஒரு நல்லதுன்னா நாலு பேரு விட்டுக்குடுக்கணும்" என்றார் சார். விட்டுக்கொடுக்க வேண்டிய நாலு பேரில் தாம் ஒருவர் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. "உனக்கும் வகுப்புக்கு இவ்வளவுன்னு தாரேன். முடியாதுன்னா சொல்லு, ஜெயசிங்கிட்ட வேற ஆளு கேக்கேன்."

அவள் கொண்டுவந்தாள். முதல் வாரம் புளித்த மோரும் ஊசிப்போன கூட்டும். பிறகு மீன்கடை வாளி. பிறகு டயப்பர். வாளியை வைத்துவிட்டு மண்டபத்தின் வாசலுக்குப் போய் நின்றுகொள்வாள். இடைவேளையில் எல்லாருக்கும் போண்டாவும் டீயும் வரும். அவளுக்கும் ஒரு தட்டு நீட்டினால், "வேண்டாம் சார், இப்ப எறங்காது" என்பாள். கூச்சப்படுகிறாள் என்று சார் நினைத்துக்கொண்டார்.

சார் நல்ல வாத்தியார், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. "மூக்கைப் பொத்தாதீங்க, வாயால மூச்சு விடாதீங்க. பெட்டி கண்டுபிடிச்சிரும். நேரா மோந்து பாருங்க. இது குப்பை இல்ல. இது மார்க்கு. என்னது?" என்பார். "மார்க்கு!" என்று நாற்பது பேரும் கத்துவார்கள். முதலில் ஓடிப்போய் வாந்தி எடுத்தவர்கள் பிறகு முகத்தை மட்டும் திருப்பினார்கள். அப்புறம் திருப்புவதையும் விட்டார்கள். வீட்டுப் பாடமாக, குப்பை வாளியைச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் வைத்துச் சாப்பிடச் சொன்னார். அந்த வழக்கம் வார்டு முழுக்கப் பரவியது, சார் வீட்டிலும் வாளி மேசைக்கு அடியில் வந்தது. மனைவி ராஜகனி மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நாலு மாதம் போனதும் வார்டில் சில மாற்றங்கள் தெரிந்தன. மாடி வீட்டு வக்கீல் கெட்டுப்போன குழம்பை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். குழாயில் சாக்கடை கலந்து வந்த தண்ணீரை யாரும் கண்டுகொள்ளவில்லை. குப்பையைத் தெருவில் வைக்கவே பலருக்கு மறந்துபோனது, வீட்டுக்குள் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? ஒருநாள் ராஜகனி பிச்சிப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். சார் பேப்பரை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை.

"வாசனை தெரியலையா?"

"எதோட வாசனை?"

அவள் பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு பூ வாங்கவில்லை. அதையும் அவர் கவனிக்கவில்லை.

ஜெயசிங் ஒருநாள் தெருவில் எதிர்ப்பட்டார். மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தார். "உங்க வார்டுல இருந்து ரெண்டு மாசமா ஒரு புகார் கூட வரலை சார். எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

"திருப்தியா இருக்கோம், புகார் எதுக்கு?" என்றார் சார்.

மறு அளவீட்டு நாள் வந்தது. அதே நாற்பது பேர். தட்டு சுழன்று வந்தது, நாற்பது பேரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தார்கள். வார்டின் சராசரி நான்கு. திரவியம் சார் ஒன்று. தமிழ்நாட்டிலேயே இப்படி ஒரு புள்ளி வந்ததில்லை என்று பெட்டி கொண்டுவந்த பையன் வாயைப் பிளந்தான். சார் மண்டபத்து வாசலிலிருந்தே அச்சகத்துக்குப் போன் போட்டார். பொழுது சாயுமுன் தெருமுனையில் பேனர் நின்றது. 'அருவருப்பை வென்ற ஆறு பேர்' என்று மேலே எழுதி, ரேங்க் வரிசைப்படி படம். இந்தத் தடவை முதல் ரேங்க் மாணவரின் படமும் ஆளுயரம்தான், இரண்டும் ஒரே ஆள் என்பதால்.

பணியாளர்களை அளந்தது மறுநாள். சம்பிரதாயத்துக்குத்தானே என்று சாரும் போயிருந்தார். பேச்சித்தாய் முகவாயைத் தாங்கியில் வைத்தாள். பட்டைகளைக் கட்டினார்கள். தட்டு சுழன்று வந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. புருவம் கூட அசையவில்லை.

பெட்டி தொண்ணூற்றாறு என்றது.

"பெட்டி பழுது" என்றார் சார். மறுபடி அளந்தார்கள். தொண்ணூற்றாறு. மற்ற ஐந்து பேரையும் அளந்தார்கள். ஒருவர் கூடத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை.

"என்னம்மா இது?" என்று சார் கிட்டத்தட்ட அதட்டினார். "இருவது வருஷமாச் செய்யுத. உனக்குப் பழகலையா?"

"கைக்குப் பழகிட்டு சார். மொகத்துக்கும் பழகிட்டு. சுளிச்சா நீங்கள்லாம் கோவிப்பியள்லா" என்றாள் பேச்சித்தாய். "வயித்துக்குத்தான் பழகவே இல்ல. வேலைக்கு வந்தா குளிக்கிற வரைக்கும் பச்சத்தண்ணி எறங்காது."

ஜெயசிங் பதிவேட்டில் குறித்துக்கொண்டார். பணியாளருக்குத் தொண்ணூற்றாறு. வார்டுக்கு நான்கு. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் அரசாங்க ஊழியர், சொல்லிவிட்டார். ஆறு பணியாளர்களும் நாளையிலிருந்து ஒன்பதாம் வார்டுக்கு, அதாவது அதிகாரிகள் குடியிருப்புக்குப் போகிறார்கள். அங்கே சராசரி தொண்ணூற்றேழு, கூலியும் அதற்கேற்ற மாதிரி. பதினான்காம் வார்டுக்குக் குப்பைக் கட்டணம் கிட்டத்தட்ட இல்லாத மாதிரிதான். வேலையை வார்டே பார்த்துக்கொள்ளும்.

"வார்டுன்னா யாரு?" என்று சார் கேட்டார்.

"புள்ளி குறைஞ்ச ஆறு பேரு. அடுத்த அளவீடு வரைக்கும். யாருன்னு நான் தேட வேண்டிய வேலையே இல்ல சார், நீங்களே படம் போட்டுப் பேனர் வச்சிட்டிய."

"மாட்டேன்னா?"

"குடிதண்ணி இணைப்பை வெட்டுவாங்க."

"மறுமதிப்பீடு உண்டா? கட்டணம் எவ்வளவுன்னாலும் கட்டிருதேன்."

"மறுமதிப்பீடும் கிடையாது, மறுகூட்டலும் கிடையாது. ஆறு மாசம் கழிச்சு அடுத்த தேர்வு. அதுக்குள்ள அருவருப்பைத் திரும்பக் கொண்டுவந்திருங்க, தானா விட்டுருவாங்க."

சார் கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டார். "அப்ப அந்தக் கூலி?"

"வார்டு சராசரிக்கு எவ்வளவோ அவ்வளவு. நாலு புள்ளி. புள்ளிக்குப் பன்னெண்டு." ஜெயசிங் ரொம்ப நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தார். "ஒரு நாளைக்கு நாப்பத்தெட்டு ரூவா. நீங்க பாடுபட்டுக் குறைச்ச கூலி சார்."

மறுநாளிலிருந்து ஏணிப்படி பயிற்சி மையத்தின் நிறுவனர் கழுத்தில் விசிலோடு பேட்டரி வண்டியைத் தள்ளினார். முதலில் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை, அதுதானே பயிற்சி. தெருத்தெருவாக நின்று விசில் ஊதினார். கதவுகள் திறக்கவில்லை. அவரிடம் படித்தவர்களுக்கு வீட்டுக்குள் குப்பை இருப்பது உறைத்தால்தானே எடுத்துக்கொண்டு வருவார்கள்? அவரே உள்ளே போய், நடுவீட்டிலிருந்தும் கட்டிலுக்கடியிலிருந்தும் வாளிகளைத் தூக்கி வந்தார். எல்லாம் ஒன்றாகக் குழைந்து கிடந்தது. வண்டியோரம் நின்று கையால் பிரித்தார். பழைய மாணவர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் போனார்கள். அதுவரை ஊரே மதித்த வாத்தியாரைப் பார்த்து அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை, ஒருவன் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வணக்கம் சொன்னான். அது அவருக்குக் குப்பையை விடக் கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேச்சித்தாய்க்கு விடுப்பு, அவருக்கு இல்லை. கடைசித் தெருவில் விசில் ஊதியதும் அந்த ஒரு வீட்டுக் கதவு மட்டும் உடனே திறந்தது. பச்சை வாளி ஒன்று, நீல வாளி ஒன்று, தனியே தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று. எல்லாவற்றையும் படியில் வைத்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேச்சித்தாய் இரண்டடி பின்னால் போனாள்.

"தப்பா நெனைக்காதிய சார். எனக்குத் தாங்காது."

திரவியம் சார் வாளியைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றார். வார்டில் அவருக்குத் தெரிந்து மிச்சமிருந்த ஒரே மூக்கு எதிரே நின்றது.

"ஏம்மா, ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷமா அதை விடாம எப்படி வச்சிருக்கிய? எனக்கு அது திரும்ப வேணும். ஆறு மாசத்துக்குள்ள வேணும். எப்படின்னு சொல்லிக்குடுங்க, என்ன கேட்டாலும் தாரேன்."

அவளிடம் இத்தனை காலம் அவர் இப்படி மரியாதையாகப் பேசியதில்லை. சொன்னவர் கவனிக்கவில்லை, கேட்டவள் கவனித்தாள்.

"அதுக்கு வகுப்பு எதுக்கு சார்?" என்றாள். "நீங்க மண்டபத்துல மோந்துதான பாத்திய, கையால அள்ளலையே. தெனமும் அடுத்த வீட்டுது, அதுக்கடுத்த வீட்டுதுன்னு அள்ளுங்க. வீட்டுக்குப் போயி அதே கையால சோத்தைப் பெசைங்க. தன்னால வரும்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

ராஜகனி அன்றைக்கு நெத்திலிக் குழம்பு வைத்திருந்தாள். சார் வந்து, குளித்து, தலை துவட்டி, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். பசி உயிரைப் பிடுங்கியது. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தார். விரலிடுக்கில் சோறு குழைந்தபோது, காலையில் வக்கீல் வீட்டு வாளியின் அடியில் கையை விட்டுத் துழாவியது நினைவுக்கு வந்தது. அதே குழைவு, அதே வெதுவெதுப்பு. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி நெஞ்சுவரை வந்து நின்றது.

ஒரு நிமிடம் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. எண்பதாவது இருக்கும் என்று வாத்தியார் மனசு புள்ளி போட்டது. பிறகுதான் அடுத்த தேர்வுக்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்பது உறைத்தது. நாளைக்கும் இதே கை. நாளைக்கும் இதே தட்டு. தினமும் இது வரும், வந்தாலும் விசிலை மாட்டிக்கொண்டு போக வேண்டும், நாற்பத்தெட்டு ரூபாய்க்கு.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சோறு வேண்டாமா? எங்க போறிய?" என்றாள் ராஜகனி.

"குளிச்சிட்டு வாரேன்."

"இப்பதான குளிச்சிய. எதுக்கு ரெண்டு தடவை?"

அவர் அவளைப் பார்த்தார். துண்டை எடுத்துக்கொண்டு மறுபடி குளிக்கப் போனார்.